எண்ணியில் ஏறாதவர்கள்

காலை பத்து முதல் பதினொன்று வரை உச்சமணி. மறுநாள் எந்தெந்த ஊருக்கு மீட்புப் படகு என்ற பட்டியல் பதினொன்றுக்கு மூடிவிடும் என்பதால் கரையோர ஊர்களெல்லாம் அந்த நேரத்தில்தான் கூப்பிடும். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணி என்கிற கருவி எண்ணும். அதை வைத்து, மேட்டுப்பட்டணம் கடல்மீட்பு அலுவலகத் தொலைபேசிக்கு எத்தனை இணைப்பு போதும் என்று வருடா வருடம் திட்டம் போடுவது சகாயமேரியின் வேலை.

இணைப்பு என்பது லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. இயந்திரங்கள் மனிதக் குரலில் அழுது படகுகளை வரவழைத்து ஏமாற்றிய பிறகு, மெய்க்குரல் அட்டை சான்று கொடுத்த குரலை மட்டுமே சட்டம் நம்பியது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு ஒரு நேரத்தில் ஒரு குரல். நாடு முழுக்க அட்டைக்குப் பஞ்சம். அதனால் மிச்சம் இருப்பதைத் தலைமையகத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

அவள் வேலைக்கு வந்தபோது அறுபது அட்டைகள். அடுத்து நாற்பது, இருபத்தேழு, பதினெட்டு, பன்னிரண்டு. அழைப்பு குறைகிறது, மக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அவளும் சந்தோஷப்பட்டாள். பாராட்டுக் கடிதம்கூட வந்தது. இந்த வருடம் எட்டே போதும் என்று கையெழுத்திட்டாள். நான்கு அட்டைகள் நேற்று லாரி ஏறிவிட்டன.

இன்று பத்தரை மணிக்கு, நனைந்த சேலையோடு சிப்பித்துறையிலிருந்து லூர்தம்மாள் என்றொரு பெண் வந்து நின்றாள்.

“எங்க தெருவுல இருவத்திரெண்டு வீடு தாயி. நாளைக்கு ராத்திரி பௌர்ணமிக் கடலேத்தம். படகு வரலன்னா ஒண்ணும் மிஞ்சாது.”

“நேர்ல சொன்னா செல்லாதுக்கா. போன்ல பதிஞ்சாதான் படகு. கூப்பிட்டிருக்கலாம்லா?”

“கூப்பிடலியா!” லூர்தம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ரெண்டு வருசமா கூப்பிட்டோம். எப்பப் பாத்தாலும் எங்கேஜு. கை ஓஞ்சுபோயி விட்டுட்டோம்.”

சகாயமேரி நம்பவில்லை. வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் பேசச் சொல்லிவிட்டுத் தன் திரையைப் பார்த்தாள். ஐந்து அட்டைகள் பேச்சில். மூன்று, முடிந்த பேச்சுக்குச் சான்று எழுதிக்கொண்டிருந்தன. காலி ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு வெளியே லூர்தம்மாள் எண்ணை அழுத்தினாள், வைத்தாள், மறுபடி அழுத்தினாள். பதினொரு முறை. எண்ணி அசையவே இல்லை.

சகாயமேரிக்கு இப்போதுதான் விளங்கியது: இந்தக் கருவி பேசியவர்களை மட்டும் எண்ணியிருக்கிறது. சான்று எழுதும் நேரத்தையும் அது சேர்க்கவில்லை. ஐந்து பேர் பேசினால் ஐந்து அட்டை போதும் என்றுதான் அடுத்த வருடமும் சொல்லியிருப்பாள். கூப்பிட்டுக் கிடைக்காதவர்களைக் கூப்பிடாதவர்கள் என்று எடுத்துக்கொண்டு, வருடம் தவறாமல் அவர்கள் முகத்தில் கதவைச் சாத்தியவள் அவள்தான்.

மேலாளர் பொன்னுலிங்கத்தின் அறைக்கு ஓடினாள்.

“சார், என் கணக்கு தப்பு. அட்டையெல்லாம் திரும்ப வேணும்.”

“எத்தன பேருக்கு லைன் கெடைக்கலன்னு எழுத?”

“அத நாம எண்ணவே இல்ல சார்.”

“கணக்குல இல்லாத ஆளுக்கு எப்படிம்மா அட்டை கேக்க? நீதான சொல்லுவ, நம்பரோட வாங்கன்னு.”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே வழி தெரியாமல்தான் கேட்டார்.

திரும்பி வந்தபோது பதினொன்றுக்கு ஆறு நிமிடம். லூர்தம்மாள் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள். சகாயமேரி அட்டைகள் செருகியிருந்த இணைப்பகப் பெட்டியைத் திறந்தாள். மூன்றாவது அட்டையில் பச்சை விளக்கு, யாரோ பேசிக்கொண்டிருந்தார். யார் என்று பார்த்தால் கை வராது என்று அவளுக்குத் தெரியும். பார்க்காமலே அந்தக் கம்பியைப் பிடுங்கி, வாசல் தொலைபேசியின் கம்பியை அதில் செருகினாள். வெளியே லூர்தம்மாள், “ஹலோ! ஹலோ! சிப்பித்துறைலருந்து பேசுதேன்!” என்று கத்துவது கேட்டது.

பட்டியல் மூடிய பிறகு லூர்தம்மாள் உள்ளே வந்து சகாயமேரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“பதிஞ்சிட்டாவ தாயி. அத்தன வீட்டுக்கும் படகு வருதாம். ஒன் புள்ளகுட்டி நல்லாருக்கணும்.”

சகாயமேரி அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். அறுபட்ட அழைப்பின் பதிவு திரையில் வந்திருந்தது. ஆண் குரல். வயது எழுபதுக்கு மேல். மெய்யான மனிதர் என்று சான்று உண்டு. பேசிய நேரம் நாற்பது நொடி. ஊர்: இன்னும் சொல்லவில்லை.