மண்சாடி காயவில்லை

சாடியில் மண் ஈரமாக இருந்தது.

கினுயே மரமூடியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். கோடையில் புருஷன் தோயோஜி இறந்த அன்று மூடிய சாடி. அதற்குப் பிறகு அதில் யாரும் ஒரு கை தண்ணீர் ஊற்றவில்லை. இலையெல்லாம் உதிர்ந்து, காலையில் முற்றத்துக் கல்லில் பனி பூக்கத் தொடங்கிவிட்டது. இதற்குள் வெடித்துக் கல்லாகியிருக்க வேண்டிய மண், இப்போதுதான் பிசைந்து வைத்த மாவு போலப் பளபளத்தது. நடுவில் ஒரு கை பதிந்த குழி. குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, அதற்குள் வானம் சின்னதாகத் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். கினுயே மூடியைப் பழையபடி வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

அவளுக்கு இப்போதெல்லாம் அப்படித்தான். வெகுநேரம் மடித்து உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி உடம்பு முழுக்க. புருஷன் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று தெருவே பேசியது. பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தத் தெருவில் பழைய வியாபாரி வீடு ஒவ்வொன்றுக்கும் கொல்லையில் தடித்த மண்சுவர் வைத்த கிடங்கு ஒன்று உண்டு. கிடங்கு வாசலில் ஒரு மண்சாடி. தீப்பிடித்தால் வீட்டில் அருமையானது எதுவோ அதையெல்லாம் கிடங்குக்குள் போட்டு, முழத் தடிமன் உள்ள மண்கதவுகளைச் சாத்தி, சாடி மண்ணை அள்ளிக் கதவிடுக்கில் அப்பிவிட்டு ஓட வேண்டும். வீடு சாம்பலானாலும் கிடங்கு நிற்கும். தெருவுக்குத் தீயணைப்புக் குழாய் வந்து எவ்வளவோ காலமாயிற்று. மற்ற வீட்டுச் சாடிகளில் தங்கமீன் நீந்துகிறது, சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தோயோஜி மட்டும் விடவில்லை. தினமும் சாயங்காலம் சட்டையைச் சுருட்டிக்கொண்டு மண் பிசைவார்.

எண்ணெய் விற்ற வம்சம். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் குடித்துக் கறுத்த உத்திரங்கள். மழை வந்தால் வீடு முழுக்க ஒரு காறிய வாடை எழும்பும். “இது வீடில்ல கினுயே, திரி. ஒரு பொறி போதும்” என்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நெருப்பைக் காவல் காப்பார். அடுக்களையைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் ஒரு தீக்குச்சி போகக்கூடாது. கிடங்குக்கு மின்சாரக் கம்பி இழுக்கவே விடவில்லை. புத்தர் மாடத்து மெழுகுவத்தியை வாயால் ஊதுவது பாவம் என்று மற்றவர்கள் கையால் விசிறி அணைப்பார்கள். அவருக்கு அதுவும் ஆகாது, பொறி பறக்குமாம். வலதுகை விரல் இரண்டை நாக்கில் நனைத்துத் திரியைக் கிள்ளுவார். சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம். “நெருப்புக்கும் மூச்சு வேணும். மூச்ச அடைச்சா தானா அடங்கிரும்” என்பார்.

மண் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. கினுயே போய்ப் பார்த்தபோது சாடியை அணைத்த மாதிரி சாய்ந்திருந்தார், வலதுகை மணிக்கட்டு வரை மண்ணுக்குள். அவள்தான் கழுவிவிட்டாள். நகக்கண்ணில் ஏறிய மண் மட்டும் போகவில்லை. சவச்சடங்குக்காரர், “விடுங்கம்மா, அது அவரோடயே போகட்டும்” என்றார்.

போன மாதம் அடுப்பில் கெட்டில் வைத்து மறந்துபோனாள். மறந்துகூடப் போகவில்லை, பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். தண்ணீர் வற்றி, அடி சிவந்து, கைப்பிடி உருகி, சுவர்ப்பலகை கருகத் தொடங்கியதை வேடிக்கை பார்த்தாள். பிறகு வெறுங்கையால் எடுத்துத் தொட்டியில் போட்டாள். குளிக்கும்போதுதான் உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்தாள். வலிக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டில் பொருள்கள் இடம் மாறின. நடைத் தூணில் தொங்கும் டார்ச் விளக்கைக் காணோம், ஆணி மட்டும் இருந்தது. தோயோஜியின் டீக்கோப்பை, அவளுடைய சீப்பு, குளிர்காலப் போர்வை. ஒவ்வொன்றாகப் போயின. வீட்டை, பழைய வீடுகளைக் காட்சிக்கு வைக்கும் ஊர்ப் பாதுகாப்புச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒசாகாவில் மகள் மியோவுடன் போய் இருப்பதாக முடிவாகிவிட்டது. நடை நெடுக அட்டைப்பெட்டிகள் கிடந்தன. நானே எங்கேயாவது கட்டி வைத்திருப்பேன் என்று கினுயே விட்டுவிட்டாள்.

சாடியைப் பார்த்ததற்கு மறுநாள் காலை அடுப்பு பற்றவில்லை. குனிந்து பார்த்தாள். அடுப்புத் தலையில் இருந்த துளை ஒவ்வொன்றிலும் மண் அடைத்திருந்தது. நிதானமாக, பெருவிரலால் அழுத்தி அழுத்தி. பல்குச்சியால் குத்தி எடுத்துவிட்டு டீ போட்டாள். மறுநாளும் அடைத்திருந்தது. மின்சாரக் கெட்டிலைத் தேடி எடுத்தாள். சுவரில் ப்ளக் செருகும் துளை இரண்டிலும் மண், ரேகை தெரியும்படி. அன்றிலிருந்து பச்சைத்தண்ணீர் ஊற்றிய பழைய சோறும் ஊறுகாயும்தான். சூடு, ஆறல் என்று வித்தியாசம் தெரிகிற நாக்கா அது?

பக்கத்துப் பலகாரக்கடை ஃபுசா பயறுப் பூரணம் வைத்த இனிப்பை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசல் மரக்கிராதிக்கு இந்தப்புறம் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

“கினுயேக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? சாயங்காலம் கட்டை தட்டறது நீங்களா?”

“எந்தக் கட்டை?”

“அதான், நெருப்பு ஜாக்கிரதைன்னு அண்ணன் ரெண்டு கட்டையத் தட்டிக்கிட்டே தெருவச் சுத்துவாரே. அவரு இருந்தவரைக்கும் எங்க வீட்டுக்காரரு ஒரு சிகரெட்டு பத்தவைக்க ஆத்தங்கரைக்கு ஓடணும். இப்பதான் மனுசன் வாசல்ல உக்காந்து நிம்மதியா ஊதறாரேன்னு பாத்தா, மறுபடியும் டொக் டொக்குங்குது.”

“சங்கத்துக்காரங்களா இருக்கும்.”

“அவங்க தெருவுலதானே தட்டுவாங்க?” ஃபுசாவின் குரல் தாழ்ந்தது. “இது உங்க நடைக்குள்ள கேக்குதுக்கா. கொல்லையிலேருந்து வாசல் வரைக்கும் வருது. அப்புறம் திரும்பிப் போகுது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“உங்களுக்கு எதுதான் கேக்குது!” சொல்லிவிட்டு ஃபுசா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நடையின் கோடியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். “மியோ வர்ற வரைக்கும் எங்க வீட்டுல வந்து படுங்கக்கா. நான் வெறும் பேச்சுக்குச் சொல்லல.”

கினுயே தட்டைக் கழுவிக் கொடுத்து அனுப்பினாள்.

மியோ வருவதற்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. மதியத்திலேயே வீடு இருண்டு, உத்திரங்கள் காறிய எண்ணெய் வாடையை விட ஆரம்பித்தன. மாடத்து மெழுகுவத்தியை ஏற்றினாள். வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே நெருப்பு அதுதான், அதை மட்டும் யாரும் அடைக்கவில்லை. தொலைபேசி அடித்தது.

“அம்மா, காலையில வண்டி எடுத்துட்டு வந்துடுவேன். எல்லாம் கட்டிட்டியா?”

“கட்டிட்டேன்னு நினைக்கறேன்.”

“நினைக்கறியா? என்னம்மா நீ. சரி, எதை விட்டாலும் விடு, அப்பா படத்த மட்டும் மறந்துடாதே. அதக் கண்டவங்க வந்து பாத்துட்டுப் போக விடமாட்டேன். நீயும் அப்பா படமும், அது போதும் எனக்கு.”

“படம் மாடத்துலதான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே கினுயே திரும்பினாள்.

மாடத்தில் படம் இல்லை. படம் இருந்த இடத்தில் ஒரு கைத்தடம். ஈரமான மண்.

“அம்மா? இருக்கியா?”

“காலையில வா” என்று வைத்துவிட்டாள்.

வேறு எங்கே போயிருக்கும்? அருமையானதெல்லாம் போகிற இடம் ஒன்றுதானே. நாளைக்கு மகள் கேட்பாள், எடுத்து வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது. டார்ச் இல்லாததால் மெழுகுவத்தியைத் தாங்கியோடு எடுத்துக்கொண்டு நடைக்குள் இறங்கினாள்.

அந்த வீட்டில் வாசலிலிருந்து கிடங்கு வரை ஒரே நேர்க்கோடாக ஓடும் மண்தரை நடை. ஒரு பக்கம் அறைகளின் காகிதக் கதவுகள், மறுபக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், மேலே எட்டாத உயரத்தில் புகைபடிந்த இருட்டு, அந்த இருட்டில் மழை ஓட்டின்மேல் அரிசி கொட்டுவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. அட்டைப்பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டு நடந்தாள். அடுக்களையைத் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது. இதற்கு மேல் நெருப்பு போகக்கூடாது. கால் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

முற்றத்து ஓரத்துக் கூரைக்குக் கீழே சாடியின் மூடி தரையில் கிடந்தது. மண் பாதிக்குமேல் குறைந்திருந்தது. கைபதிந்த குழி இல்லை. கிடங்கின் இரட்டைக் கதவில் ஒன்று சாத்தி, மற்றது திறந்திருந்தது.

வாசற்படியில் கால் வைத்தபோது, முதல்முறையாக அவளுக்கும் கேட்டது.

டொக். டொக்.

பின்னால். வாசல் பக்கத்திலிருந்து.

டொக். டொக். அறைகளைத் தாண்டி. அடுக்களையைத் தாண்டி. அவசரமே இல்லாமல்.

அவள் கிடங்குக்குள் போனாள்.

உள்ளே மழைச் சத்தம் பஞ்சில் பொதிந்ததுபோல் அடங்கியது. மெழுகுவத்தியை உயர்த்தினாள். டார்ச் விளக்கு, டீக்கோப்பை, சீப்பு. ஈரம் படாமல் பலகைமேல் அழகாக அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு படுக்கை விரித்திருந்தது. அவளுடைய போர்வை, அவளுடைய தலையணை. தலைமாட்டில் தோயோஜியின் படம், சுவரைப் பார்த்தபடி. குனிந்து அதைத் திருப்பினாள். சட்டத்துக்குள் முகம் இருந்த இடம் முழுக்க மண் அப்பியிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு ஆள் தள்ள வேண்டிய கதவு. முனகக்கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை ஓர் இடுக்கு மட்டும் சாம்பல் வெளிச்சமாகத் தெரிந்தது. படத்தைக் கீழே போட்டுவிட்டுக் கினுயே ஓடித் தள்ளினாள். அசையவில்லை.

பச்சக்.

காலடியில் வெளிச்சம் ஒரு சாண் குறைந்தது.

பச்சக். பெருவிரலால் அழுத்தும் சத்தம். இடுக்கு முழங்கால்வரை அடைந்துவிட்டது. பச்சக். இடுப்புவரை.

மெழுகு உருகி அவள் விரலில் வழிந்தது.

சுட்டது.

அவள் திடுக்கிட்டாள். சுட்டது! சுரீரென்று எலும்புவரை சுட்டது. அந்த ஒரு சூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வந்தது. ஆறாத உள்ளங்கை எரிந்தது. கல்தரையின் குளிர் பாதத்தில் ஏறியது. நெஞ்சு வலித்தது. அவர் செத்துப்போய்விட்டார். கோடையிலிருந்து எங்கோ நின்றிருந்த அழுகை தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. பயம் வந்தது. நாளைக்கு மியோ வருவாள், இருக்க வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது.

“ஃபுசா! ஃபுசா! கதவத் திற!”

குரல் சுவரில் இறங்கி அங்கேயே நின்றது.

பச்சக். மார்புவரை.

“என்னங்க, நான் இருக்கேன்! உள்ள நான் இருக்கேங்க! வெளிய எடுங்க!”

பச்சக்.

மெழுகுவத்தியை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு, வெளியே இருந்து அப்புகிற மண்ணை வலதுகையால் வெளியே தள்ளிவிட இடுக்கில் விரலை விட்டாள்.

விரல் எதன்மேலோ பட்டது.

சில்லென்று. ஈரமாக. மண் இல்லை.

இன்னொரு கையின் முதுகு. அது வெளியே இல்லை. கதவின் இந்தப் பக்கத்தில், அவளுடைய கைக்குப் பக்கத்தில், மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

கினுயே அழுகையை நிறுத்தினாள். கையை இழுக்கவில்லை. திரும்பவும் இல்லை. பிடரியில் காறிய எண்ணெய் வாடை அடித்தது, மூச்சு இல்லை, வாடை மட்டும்.

பச்சக்.

மேலே விரலளவு வெளிச்சம் இருந்தது. அதுவும் போயிற்று.

இப்போது மெழுகுவத்தி மட்டும். சுடர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. அதற்குள் தெரிகிற தன் கையை, கையில் உறைந்த மெழுகை, அந்த எரிச்சலை அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தோளுக்கு மேலாக இரண்டு விரல்கள் மெதுவாக நீண்டு வந்தன. நனைந்திருந்தன. நகக்கண்ணில் மண் இருந்தது. அவை சுடரின் இரண்டு பக்கமும் வந்து நின்றன.

சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.