இரண்டு விநாடிப் பெட்டி

தலவாக்கலையிலிருந்து வந்த பஸ் லியனார்டை கிளென்ஹார்ட் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போனபோது மூன்று மணிகூட ஆகவில்லை. ஆனாலும் மலை இருண்டு கிடந்தது. ஆனி மாதத்துப் பனிமூட்டம் தேயிலைச் சரிவுகளை விழுங்கிவிட்டு, பாதையோரத்து விளக்குக் கம்பங்கள் வரை வந்து நின்றது. அவன் தோளில் கிட்டார் தொங்கியது, கையில் ஒரு தகரப்பெட்டி. காலடியில் லொறி பெட்டரியும் கோயில் மைக்செட்டின் ஆம்ப்ளிபையரும் இருந்தன.

லியனார்ட் கொட்டகலைக் கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கிட்டார் வாசிப்பான். அது 1986ஆம் ஆண்டு. அந்தோனியார் திருநாளுக்கு அவனும் டிரம்ஸ் வாசிக்கும் யேசுரட்ணமும் இன்னும் இரண்டு பேரும் முதல்தடவையாக மேடை ஏறப்போகிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் வாசித்துப் பழகினால் பச்சைப்பிள்ளைகள் தூங்க முடியவில்லை என்று சண்டை வந்தது. அதனால் கணக்கப்பிள்ளை, லயங்களுக்கு எட்டத்தில் சும்மா கிடந்த பழைய ஆஸ்பத்திரி வார்ட்டைத் திறந்துகொள்ளச் சொல்லியிருந்தார். மற்ற மூவரும் ஐந்து மணி பஸ்ஸில் வருவார்கள். பெட்டியோடு மல்லுக்கட்ட நேரம் வேண்டும் என்று லியனார்ட் முன்னதாகவே வந்துவிட்டான்.

வார்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மாயாண்டி முச்சந்தியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரி நடந்த காலத்தில் அங்கே டொக்டருக்கு உதவியாளாக, ஆர்டலியாக இருந்தவர். பெட்டரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வார்ட் ஒரே நீளமான அறை. பச்சைப் பெயின்ட் அடித்த ஒற்றைக் கதவு. பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை மட்டும். உள்ளே துருப்பிடித்த ஆறு கட்டில்கள், ஈரச் சுவர், எத்தனையோ வருடம் ஆகியும் போகாத டெட்டால் வாடை. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி.

மாயாண்டி பெட்டரியை வாசலிலேயே இறக்கிவிட்டு, உள்ளே காலை வைக்காமல் கதவை முழுக்கத் தள்ளி, எட்டி ஒரு பெரிய கல்லை அதன் அடியில் உருட்டிவிட்டார்.

"கதவ மட்டும் சாத்திறாதீங்க தம்பி. குளிர்ந்தாலும் பரவாயில்ல. நான் தேத்தண்ணி போட்டுக்கிட்டு வாறேன்."

அவர் பனிக்குள் மறைந்ததும் லியனார்ட் தகரப்பெட்டியைத் திறந்தான்.

மைத்துனன் லோரன்ஸ் குவைத்திலிருந்து அனுப்பிய ஜப்பான் மெஷின் அது. கிட்டாரின் ஒலியை வாங்கி, எண்களாக்கி உள்ளே வைத்துக்கொண்டு, எதிரொலியாகவும் அலையாகவும் திருப்பித் தரும். 'ஹோல்ட்' என்ற சுவிட்சை மிதித்தால் கடைசியாக வாசித்த இரண்டு விநாடியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, நிறுத்தும்வரை திரும்பத் திரும்பப் பாடும். அதற்கு மேல் ஒரு கணம்கூட அதற்கு ஞாபகம் இல்லை.

விளக்கப் புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. நான்கு மாதமாகத் தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவன் லியனார்ட். ஃபெக்டரி இயந்திரங்கள் ஓடத் தொடங்கும் நேரத்தில் தோட்டத்துக் கரண்ட் இறங்கிவிடும், மெஷின் திக்கும் என்று கண்டு, அதை லொறி பெட்டரிக்கு மாற்றினான். பன்னிரண்டு வோல்டை ஒன்பதாக்கும் சின்னப் பாகம் சூடேறாமல் இருக்க, அதை ஒரு தகரத் துண்டில் முறுக்கினான். ஆம்ப்ளிபையருக்குப் பக்கத்தில் வைத்தால் இரையும் என்பதால் எப்போதும் இரண்டு கை நீளம் தள்ளியே வைப்பான். ஒவ்வொரு பாட்டுக்கும் குமிழ்கள் எங்கே நிற்க வேண்டும் என்று, மனைவி இசபெல்லின் நகப்பூச்சில் சிவப்புப் புள்ளிகள் வைத்திருந்தான். வயருக்குள் ரேடியோ நிலையம் புகுந்து பாடிய நாளில், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளை உரித்து வயரைச் சுற்றியதும் அவன் மூளைதான். அதற்குப் பிறகு ரேடியோ வரவில்லை.

வயர்களை மாட்டினான். ஒரு ஸ்வரக்கோர்வையை மீட்டினான். அறை முழுக்க அது விரிந்து, சுவரில் மோதித் திரும்பியது. மேடையில் இது கேட்டால் சனம் வாயைப் பிளக்கும் என்று நினைத்தபோது, தன்னையறியாமல் சிரித்தான்.

ஒலி அடங்கியபின் ஒரு மெல்லிய இரைச்சல் மிச்சம் இருந்தது.

இரைச்சலைத் துப்புத்துலக்க அவனிடம் ஒரு வழி உண்டு. எதையும் வாசிக்காமல், கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு ஹோல்டை மிதிப்பான். இரண்டு விநாடி வெறுமை மாட்டிக்கொள்ளும். சத்தத்தைக் கூட்டி வைத்து அதையே கேட்டால் குற்றம் எங்கே என்று பிடிபடும்.

மிதித்தான். கூட்டினான்.

இரைச்சல் இல்லை. மூச்சு.

யாரோ வாயால் வாங்கி, பல்லைக் கடித்து விடும் மூச்சு. திரும்ப அதே மூச்சு. திரும்பவும்.

தன் மூச்சாகத்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். ஆனால் கிட்டார் கம்பி மூச்சைப் பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியும். ஈயத்தாள் எங்காவது கிழிந்து ரேடியோ நாடகம் ஏதும் நுழைந்திருக்கும். குனிந்து வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். தாள் ஒரு இடத்திலும் விட்டிருக்கவில்லை.

"அண்ணே."

லியனார்டின் கை நின்றது.

ஒரு பெண்ணின் குரல். தொண்டை காய்ந்த குரல்.

கிட்டார் வயரைப் பிடுங்கினான். இனி மெஷினுக்குள் எதுவும் போக வழியில்லை. உள்ளே இருந்ததுதான் சுற்ற வேண்டும்.

"அண்ணே... கதவ..."

இரண்டு விநாடி கழிந்தது.

"...கதவத் தொறங்கண்ணே..."

இன்னும் இரண்டு விநாடி.

"...வலி தாங்க முடியலண்ணே..."

பிடித்து வைத்ததைத் திருப்பிச் சொல்லும் மெஷின், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சொன்னது. இதற்கும் லியனார்டுக்கு ஒரு வழி தெரியும். மெஷின் கிறுக்குப் பிடித்தால் கரண்டை எடுத்துவிட்டு முப்பது எண்ணவேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். ரேடியோக்காரனின் விரல்கள் பழக்கத்தில் பெட்டரி வயரைக் கழற்றின. மெஷினின் சிவப்பு விளக்கு அணைந்தது. சத்தம் போட்டு எண்ணினான். முப்பதுக்குப் பதில் அறுபது எண்ணினான்.

வயரை மாட்டினான். விளக்கு எரிந்தது.

ஒன்றுமில்லை.

நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டான்.

"எவ்வளவு நேரமாக் கூப்புடுறேன்..." என்றது ஆம்ப்ளிபையர். "காது கேக்கலியா மாயாண்டிண்ணே?"

வாசலில் தகரக் கேத்தல் விழுந்து உருண்டது.

மாயாண்டி நின்றிருந்தார். கொதிக்கிற தேத்தண்ணி அவர் காலில் வழிந்து ஓடியது. அவர் காலை எடுக்கவில்லை.

"மாயாண்டிண்ணே, யாருண்ணே இது?" லியனார்ட் ஆம்ப்ளிபையரைக் காட்டினான்.

"நாகலெட்சுமி" என்றார் மாயாண்டி. "ஏழாம் நம்பர் லயம்."

"இப்ப எங்க இருக்கு?"

"செத்து பன்னெண்டு வருசமாச்சு தம்பி."

கதவு நிலையைப் பிடித்தபடி, அறைக்குள் ஒரு அடியும் வைக்காமல், அவர் சொன்னார். பஞ்ச காலம் அது. கோதுமை மா கிடையாது, அரிசி கிடையாது, சனம் கீரையை அவித்துத் தின்று செத்துக்கொண்டிருந்தது. நாகலெட்சுமிக்கு நிறைமாதம். காய்ச்சலோடு வலியும் சேர்ந்து கத்தினாள். டொக்டர் ஐயா வந்து பார்த்தார். தொத்து நோயாக இருக்கும், நான் வரும்வரைக்கும் யாரையும் உள்ளே விடாதே, அவளையும் வெளியே விடாதே என்று சொல்லிவிட்டு துரை பங்களாவுக்குப் போனார். அந்தியாகியும் வரவில்லை.

"நான் வெளிய படியில ஒக்காந்திருந்தேன். தவழ்ந்துக்கிட்டே கதவுக்கிட்ட வந்திருச்சு. தட்டுச்சு. என் பேரச் சொல்லிச் சொல்லித் தட்டுச்சு. மூணு மணி நேரம்." மாயாண்டி தன் வேட்டி மடிப்பைத் தொட்டுக் காட்டினார். "சாவி என் மடியிலதான் இருந்துச்சு தம்பி. தொறந்தா வேலை போயிரும்னு ஒக்காந்திருந்தேன். ஊருக்கெல்லாம், சாவிய டொக்டர் ஐயா கொண்டு போயிட்டாருன்னு சொன்னேன். அது புருசன்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

ஆம்ப்ளிபையரிலிருந்து ஒலி இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் அமைதி.

மாயாண்டி அதை நோக்கிக் கைகூப்பினார். "தொறந்துதான்மா கெடக்கு. பூட்ட நானே பேத்து எறிஞ்சிட்டேன். தெனமும் வந்து தொறந்து வைக்கிறேன்மா."

இரண்டு விநாடி.

"உள்ள வாங்கண்ணே."

கெஞ்சல் இல்லாத குரல். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல.

"போகாதீங்கண்ணே!" லியனார்ட் கத்தினான். பெட்டரி வயரை இழுத்து எறிந்தான். சிவப்பு விளக்கு அணையவில்லை.

மாயாண்டி நிலையைத் தாண்டிக் காலை வைத்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. ஈரத் தரையில் மெதுவாக நடந்து வந்து, கடைசிக் கட்டிலின் பக்கம் நின்றார். தலை குனிந்திருந்தது.

"அந்தத் தம்பி வெளிய போகட்டும்" என்றது குரல்.

லியனார்ட் ஓடினான். மெஷினை நினைக்கவில்லை. மாயாண்டியையும் நினைக்கவில்லை. அந்த வெட்கம் பிற்பாடு அவனைப் பல நாள் தூங்கவிடவில்லை. கழுத்தில் கிட்டார் இடிக்க, வாசலைத் தாண்டிப் புல்லில் விழுந்தான். திரும்பிப் பார்த்தபோது கதவடியில் கிடந்த கல் தானாக உருண்டு ஒதுங்கியது.

உள்ளேயிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"இப்ப சாத்துங்க."

கதவு சாத்திக்கொண்டது.

அவன் எழுந்து ஓடிப்போய்த் தள்ளினான். தோளால் இடித்தான். பூட்டில்லாத கதவு மலையைப்போல நின்றது. பூட்டு ஓட்டையில் கண்ணை வைத்தான். கறுப்பு. பலகையில் காதை வைத்தான். எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு சத்தமும் வரவில்லை. பனி மட்டும் அவன் முதுகில் துளித்துளியாக இறங்கியது.

பிறகு முச்சந்திக்கு ஓடினான். ஐந்து மணி பஸ்ஸிலிருந்து இறங்கிய யேசுரட்ணம், அவன் முகத்தைப் பார்த்துத் தோளைப் பிடித்துக்கொண்டான். "என்னடா ஆச்சு? என்னடா?" அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான் லியனார்ட். வழியில் லயத்து ஆட்கள் நாலைந்து பேர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு சேர்ந்துகொண்டார்கள்.

கதவு யேசுரட்ணத்தின் ஒற்றை விரலுக்கே திறந்தது. பாதிவரை வந்து, எதிலோ முட்டி நின்றது.

மாயாண்டி கதவுக்குப் பின்னால் கிடந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தன. கதவின் உட்பக்கத்தில், இடுப்பு உயரத்திலிருந்து தரைவரைக்கும், பச்சைப் பெயின்ட் மேல் கைத்தடங்கள். நூற்றுக்கணக்கில்.

யேசுரட்ணம் லியனார்டைத் திரும்பிப் பார்த்தான். "நீ வெளியதான இருந்த? இவ்வளவு தட்டியிருக்காரு... ஒனக்கு ஒண்ணுமே கேக்கலியா?"

மாரடைப்பு என்று எழுதினார்கள். லியனார்ட் நடந்ததைச் சொன்னபோது பொலிஸ்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நாகலெட்சுமியின் புருசன் பழனியாண்டி மட்டும் வீடு தேடி வந்து, ஒன்றுவிடாமல் கேட்டார். சாவியைப் பற்றிச் சொன்ன இடத்தில் எழுந்து வெளியே போனார். சற்று நேரம் கழித்து வந்து, மிச்சத்தையும் சொல்லச் சொன்னார். மூன்றாம் நாள் அவரே போய் அந்தக் கதவைக் கீலோடு பெயர்த்து, வார்ட் முற்றத்தில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். லியனார்டும் கூட நின்றான். கதவு கடைசிப் பலகைவரை எரிந்து சாம்பலானதை இருவரும் கண்ணால் பார்த்தார்கள்.

மெஷினை அவன் திரும்பத் தொடவில்லை. திருநாளுக்கு வெறும் கிட்டார்தான் வாசித்தான். சனம் கைதட்டியது.

அடுத்த வருடம் மார்கழியில், இசபெல்லின் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, அவன் அதே பாதையில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். பட்டப்பகல். ஆனாலும் மூட்டம். கிளென்ஹார்ட் வளைவில் எதிரே தேயிலைக் கொழுந்து ஏற்றி வந்த லொறிக்கு வழிவிட, ட்ரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

லியனார்ட் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தான். பார்த்துவிட்டான்.

மூட்டம் ஒரு கணம் விலகியது. வார்ட் தெரிந்தது. வெறும் திறப்பாக இருக்கவேண்டிய வாசலில் பச்சைக் கதவு. சாத்தியிருந்தது.

முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஜன்னல் ஓரம் இருந்த பெண் திரும்பினாள். இந்தப் பக்கத்துக்குப் புதியவள் போலிருந்தாள்.

"ஏங்க, அந்தக் கட்டடத்துல யாராச்சும் இருக்காங்களா? கதவத் தட்டுற சத்தம் கேக்குதே."

லியனார்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இல்லை என்று தலையாட்டினான்.

"இல்லீங்க, நல்லாக் கேளுங்க" என்றாள் அவள், காதைச் சாய்த்து. "ரெண்டு பேரு தட்டுறாங்க. ஒருத்தரு பலமா. ஒருத்தரு மெதுவா."

அவள் மடியிலிருந்த குழந்தை, பனி படிந்த கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் திருப்பித் தட்டத் தொடங்கியது.