கண்ணைத் திறந்து ஒரு ஜெபம்

காலை எட்டே முக்காலுக்குக் கணக்கு டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். சபைக் கட்டடத்துக்குப் பின்னால் ஓடு போட்ட நாலு அறை, அறுபத்திரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் காதில் மூன்று நாளாக நகக்குறி. யார் கிள்ளியது என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"ஜெபத்துல கண்ணைத் திறந்துட்டேன்மா. பெரிய டீச்சர் கிள்ளிட்டாங்க."

ஜெபத்தில் கண் திறக்கும் பிள்ளைகளின் காதைக் கிள்ளுவது தலைமையாசிரியையான பெரிய டீச்சரின் வழக்கம்தான். ஆனால் அவரைப் புதைத்து ஒரு மாதம் ஆகிறது.

போதகரிடம் சொன்னால், "பிள்ளைங்க ஏதாவது கதை கட்டும்மா, விடுங்க" என்கிறார். அவருக்கென்ன, காது அவருடையதா?

"இன்னைக்குக் கண்ணைத் திறக்காதடா தங்கம்."

"பயம் வந்தா தானா திறந்துக்குதும்மா."

மணி அடித்தது. முற்றத்தில் நின்ற வரிசைகளில் கண்கள் மூடின. போதகர், "பரலோகத் தகப்பனே" என்று தொடங்கினார். பிறந்ததிலிருந்து ஜெபத்தில் கண் திறந்தறியாத கணக்கு டீச்சர் அன்று திறந்தே வைத்திருந்தாள்.

வெயில் பளீரென்று அடித்தது. முற்றத்தில் யாரும் நடக்கவில்லை.

ஆனால் செருப்புச் சத்தம் கேட்டது.

பெரிய டீச்சரின் சேலையில் எப்போதும் அடிக்கும் பாச்சை உருண்டை வாசனை வந்தது. முதல் வரிசையில் ஒரு பிள்ளையின் தோள் குறுகியது. பிறகு பக்கத்துப் பிள்ளை. பிறகு அதற்கடுத்தது.

சத்தம் மகளிடம் வந்து நின்றது.

பிள்ளையின் கண் திறந்திருந்தது. காது மடல் தானாக மேலே இழுபட்டு வெளுத்தது.

கணக்கு டீச்சருக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. பாய்ந்து போய், மகளின் காதருகே வெறுங்காற்றை எட்டிப் பிடித்தாள். ஐஸ் மாதிரி ஐந்து விரல்கள் அகப்பட்டன.

"உயிரோட இருந்தப்ப உங்களைக் கேக்க ஆளில்லை. இப்ப நான் கேக்கறேன். என் பிள்ளை மேல கை வைக்காதீங்க!"

விரல்கள் நழுவின.

"டீச்சர், ஜெபம் நடக்குது..." என்றார் போதகர் பதறிப்போய்.

"நல்லா நடக்கட்டும் ஐயா. பிள்ளைங்களா, எல்லாரும் கண்ணைத் திறங்க! இனிமே இங்க கண்ணைத் திறந்துதான் ஜெபம்."

ஒவ்வொருவராகத் திறந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவள் தோளுக்குப் பின்னால் ஒரே இடத்தைப் பார்த்தார்கள்.

"டீச்சர்," முன்வரிசைப் பெண் கிசுகிசுத்தாள். "உங்க பின்னாடி..."

கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது. அவள் திரும்பவில்லை. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நிக்கட்டும் கண்ணு. நீ ஜெபத்தைச் சொல்லு. சத்தமாச் சொல்லு."