முதுகு மட்டும் தெரிந்தவன்

சூரியநெல்லிக்குப் போகிற எஸ்டேட் லாரியில் உரமூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த செல்லாத்தாளுக்கு இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் போல இருந்தது. முந்தின நாள் கோழி கூவும்போது எருத்தேன்பதியில் கிளம்பியது. பொள்ளாச்சியில் ஒரு பஸ், உடுமலைப்பேட்டையில் ஒரு பஸ், மூணாறில் ஒரு சாயாக்கடை பெஞ்சில் அரைத் தூக்கம். இப்போது லாரி. இவ்வளவும் எதற்கு? ஒரு சினிமா பார்க்க.

"சினிமாப் பாக்கறதுக்குன்னு மலையேறி வந்த மொத ஆளுக நாமதான் அம்மிணி" என்றார் குப்பண்ணன். அவள் புருஷனுடைய அண்ணன். கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்தியும் அவருக்குப் பல் கிடுகிடுவென்று ஆடியது.

"இதோட செரிங்க மாமா. இனி எந்தப் படத்துக்கும் போகமாட்டனுங்க."

"இதத்தான் போன படத்துக்கும் சொன்ன."

ஊரில் செல்லாத்தாளுக்கு உதயரூபன் பைத்தியம் என்றே பெயர். நடிகன் உதயரூபன் போலீஸ் வேஷம் கட்டினால் கொழிஞ்சாம்பாறைக்குப் போவாள். கொள்ளைக்காரனாக வந்தால் பொள்ளாச்சிக்குப் போவாள். கப்பலில் சண்டை போட்டால் சித்தூருக்குப் போவாள். "ஏன்டி செல்லா, உன்ற ஆளு படம் மாத்தீருக்கானாமா, இன்னும் போகலியா?" என்று களத்தில் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். உண்மையில் உதயரூபனின் முகத்தை அவள் ஒழுங்காகப் பார்த்ததுகூடக் கிடையாது.

அவள் பார்த்ததெல்லாம் முதுகைத்தான். உதயரூபன் மாடியிலிருந்து குதிக்கிறபோதும், குதிரையிலிருந்து உருளுகிறபோதும் குதிப்பதும் உருளுவதும் உதயரூபன் இல்லை. அதே சட்டை, அதே தலைமுடி மாட்டிய இன்னொருத்தன். சினிமாக்காரர்கள் அவனை டூப் என்பார்கள். டூப்புக்கு ஒரே ஒரு சட்டம், காமிராவுக்கு முகத்தைக் காட்டக் கூடாது. உதயரூபனுக்கு வாய்த்தது முகம், செல்லாத்தாளின் புருஷன் சின்னையனுக்கு வாய்த்தது முதுகு. சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்ததில் அவனுக்கு இடது தோள் கொஞ்சம் சாய்ந்திருக்கும். எந்த வேஷத்தில் வந்தாலும் அந்தச் சாய்வு அவளுக்குத் தெரிந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ராக்கெட் படம் ஒன்றுக்காக மாட்டுப்பட்டி அணைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கம்பெனி ஆள் ஒருவன் வந்து, சம்பளத்தை வாங்கிக்கொண்டு பம்பாய்க்கு வண்டி ஏறிவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனான். ஊர் வாய் சும்மா இருக்குமா? பம்பாயில் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டதாகவும் குழந்தை இருப்பதாகவும் பேசிப் பேசி, கடைசியில் அந்தக் குழந்தைக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

"செத்திருந்தா காரியம் பண்ணிப் போடலாம். ஓடியிருந்தா தலை முழுகிப் போடலாம். ரெண்டுங்கெட்டானா எத்தன நாளைக்கு அம்மிணி இருப்ப?" என்று குப்பண்ணன்கூட ஒருநாள் மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டார். அவள் கழுத்துத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள். வைத்துக்கொள்வதா, கழற்றுவதா? அது ஒன்று தெரிந்தால் போதும் அவளுக்கு. அழுது அழுது ஓய்ந்து, இப்போது அலுப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அந்த ராக்கெட் படம் ஓடவில்லை. சமவெளியில் எங்கேயும் அதன் ஃபிலிம் பெட்டி வரவில்லை. சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காட்டுகிறார்கள் என்று மூணாறு போய்வந்த காய்கறிக்காரன் சொன்னான்.

அவள் முந்தானை முடிச்சில் கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு தாயத்து இருந்தது. மாகாளியம்மன் கோயிலில் மந்திரித்தது. அவன் கிளம்பின அன்றைக்குக் குளிக்கும்போது கழற்றிக் கல்லில் வைத்தவன் மறந்துபோனான். அவள் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள் அவன் வேலியைத் தாண்டிவிட்டான். ரோட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே அடக்கிக்கொண்டாள். போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா? கூப்பிட்டால் திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குள் பஸ் போய்விடும். வேலை கெட்டுவிடும்.

அப்படிக் கெட்டிருக்கக் கூடாதா, பாவி!

படம் காட்டுகிற இடம் ஒரு பழைய டீ ஃபேக்டரியின் மாடி. ஒரு காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாட வைத்த நீளமான கூடம். புது ஃபேக்டரி வந்ததும் பூட்டிப் போட்டுவிட்டார்கள். மரப்படியில் கால் வைத்ததுமே உக்கிப்போன தேயிலை வாசமும் வௌவால் நாற்றமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. ஜன்னல்களைச் சாக்கால் மூடியிருந்தார்கள். வெளியே மத்தியான மஞ்சுமூட்டம் சாக்கிடுக்கு வழியாகப் புகையாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

கூடத்தின் நடுவில் வெள்ளை மல்துணி ஒன்றைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். மிஷின் ஓட்டுகிற சுவக்கீன் வாளித் தண்ணீரை அள்ளி அதன்மேல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க தண்ணி?" என்றார் குப்பண்ணன்.

"துணி ஈரமா இருந்தாத்தான் அந்தாண்டையும் படம் தெரியும்ணே. மிஷின் பக்கம் ஆம்பளைக. பொம்பளைகளும் பிள்ளைகளும் திரைக்குப் பின்னாடி. இங்க எப்பவும் அப்படித்தான். போ தாயி, அந்தப் பக்கம் எடம் இருக்கு."

"எழுத்தெல்லாம் தலகீழா வருமேப்பா?"

"தலைகீழா வராது, இடம் வலமா வரும். வாசிக்கவா வந்தீக?" என்று சிரித்தார் சுவக்கீன்.

செல்லாத்தாள் துணியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், கொழுந்துக்காரப் பெண்களுக்கு நடுவில் முன்னால் உட்கார்ந்தாள். பலகைத் தரை சில்லென்று இருந்தது. துணியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

படம் ஓடியது. உதயரூபன் தகர ராக்கெட்டில் ஏறிப் போனான். பெண்கள் விசிலடித்தார்கள். ஒரு குழந்தை முறுக்குக்கு அழுதது. செல்லாத்தாளுக்குக் கண் சொக்கியது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வேறு ஏதோ கிரகமாம். பார்த்தால் மாட்டுப்பட்டித் தண்ணீரேதான். பாறை நுனியில் பருத்த வெள்ளை உடுப்பும் தலையில் கண்ணாடிக் கூண்டுமாக ஒருத்தன், தண்ணீரைப் பார்த்து முதுகு காட்டி நின்றான்.

ஒரு தோள் சாய்ந்திருந்தது.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. அவன்தான். அந்தச் சாய்வு அவளுடைய வலக்கைப் பக்கம் தெரிந்தது, வாசலில் எதிரே வந்து நிற்கும்போது தெரிகிற மாதிரி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மிஷின் இருப்பது அந்தப் பக்கம். முதுகு தெரிவது அவர்களுக்கு. தான் உட்கார்ந்திருப்பது அவனுக்கு முன்னால்.

இத்தனை படத்தில் இத்தனை வருஷத்தில் அவள் ஒருதரம்கூட அவனுக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

முன்னாலிருந்து கூப்பிட்டால் தப்பில்லை.

"ஏனுங்க" என்றாள், பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காத குரலில்.

பாசிவாடை அடித்தது.

கண்ணாடிக் கூண்டுக்குள் கறுப்பாக இருந்த தலைமுடி கரைந்தது போலாயிற்று. அங்கே ஒரு நெற்றி. புருவம். அவனுடைய கண்.

அது அவளைப் பார்த்தது.

கூண்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தாடை வரைக்கும் வந்தது. உதடு வரைக்கும் வந்தது. அவன் வாய் திறந்து மூடியது. பம்பாயும் இல்லை, ஒருத்தியும் இல்லை. இந்தத் தண்ணீரை விட்டு அவன் எங்கேயும் போகவில்லை. பெட்டி எந்த ஊருக்குப் போனாலும் இதே பாறையில் நின்று, இதே தண்ணீரில் விழுந்து, மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறான்.

பக்கத்துப் பெண் கொட்டாவி விட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

செல்லாத்தாள் முடிச்சை அவிழ்த்தாள். தாயத்தைத் துணியின்மேல் வைத்து அழுத்தினாள்.

"மறந்துட்டுப் போயிட்டீங்க..."

துணி அந்தப் பக்கத்திலிருந்து புடைத்தது. பருத்த கையுறை மாட்டிய விரல்கள் ஈரத்துணியோடு அவள் விரல்களைப் பற்றின. ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தன.

பிறகு விட்டன.

திரையில் அவன் குதித்தான். தண்ணீர் சிதறியது. அடுத்த காட்சியில் உதயரூபன், தலைமுடி கலையாமல் சிரித்துக்கொண்டு வந்தான்.

அவள் கையில் தாயத்து இல்லை.

படம் முடிந்து சாக்கை விலக்கியபோது குப்பண்ணன் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். "நம்ம பையந்தான் அம்மிணி. முதுகுதான் தெரிஞ்சுது" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"காரியம் பண்ணிப் போடலாங்க மாமா."

அவர் கம்பளியை முகத்தில் பொத்திக்கொண்டு ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் எழுந்து போன பின்பக்கத்துத் தரை முழுக்கக் கணுக்கால் நனைகிற தண்ணீர் நிற்பதைப் பார்த்து சுவக்கீன் திகைத்தார். "நான் ஒரு வாளிதானே தெளிச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊருக்கு வந்து காரியம் செய்தார்கள். தாலியைக் கழற்றிப் பாலில் போட்டாள். அன்றைக்கு அவள் தூங்கின தூக்கம் மூன்று வருஷத்துக் கடன் தீர்த்த தூக்கம். ஊர்வாயும் ஒருவழியாக அடங்கியது.

அறுப்பு முடிந்த சமயம். உதயரூபனின் புதுச் சண்டைப்படம் சக்கைப்போடு போட்டதும், பழைய ஓடாத படங்களையெல்லாம் தூசி தட்டி டென்ட் கொட்டகைகளுக்கு அனுப்பினார்கள். ராக்கெட் படம் எருத்தேன்பதிக்கே வந்தது. "வேண்டாம் அம்மிணி" என்றார் குப்பண்ணன். அவன் நிம்மதியாகப் போய்விட்டானா என்று ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, அவள் முதல் ஆட்டத்துக்குப் போனாள். மணல் தரையில், எல்லாரையும் போலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பாறைக் காட்சி வந்தது. அதே முதுகு. கொட்டகை கொல்லென்று சிரித்தது.

"டேய், ஆகாசத்துக்குப் போறவன் கையில தாயத்தப் பார்றா!"

வெள்ளை உடுப்பின் இடது புஜத்தில், கறுப்புக் கயிற்றில்.

செல்லாத்தாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சேர்ந்துவிட்டது, அது போதும். இன்னொரு தரம் அவன் முங்குவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, ஆட்களை விலக்கி, கொட்டகை வாசலுக்கு நடந்தாள். வெளியே நிலா வெளிச்சம் இருந்தது.

பாசிவாடை அடித்தது.

கொட்டகை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காலடி மணல் மட்டும் நனைந்து உள்வாங்கியது. அவள் முதுகுக்கு வெகு பக்கத்தில், தண்ணீர் கட்டிய குரல் ஒன்று மெதுவாகப் பேசியது.

"செல்லா... பின்னால கூப்ட்டுட்டேன். உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ."