அண்ணன் குதிரை, தம்பி குதிரை

“இந்த மணிமுத்து ஏன்தான் பிறந்தானோ!” பல்லைக் கடித்தபடி முள்வேலியைத் தாண்டிக் குதித்தாள் பூவிழி.

அவர்களுடைய குலசாமி கோயில் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போன, வழி தெரிந்தவர்கள் திரும்பவே இல்லை. தாத்தாவுக்கு அப்பா பெயரைக் கேட்டால்கூட வீட்டில் எல்லோரும் விழிப்பார்கள். கோயிலைக் கண்டுபிடிக்கிறவர் கையால்தான் முதல் பொங்கல் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பொங்கல் பூவிழிக்கு வேண்டும். பங்காளி வீட்டு மணிமுத்துவுக்கும் வேண்டும்!

அவளும்தான் அத்தை, சித்தப்பா என்று வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்தாள். ஒருவரும் பாராட்டவில்லை. அவன் நாலு கிழவர்கள் பேச்சைச் செல்போனில் பதிந்ததும், “மணிமுத்து மாதிரி வருமா!” என்று ஒரே புகழ்ச்சி. அவளுக்கு வயிறு எரிந்தது. அதனால்தான், வறண்ட கண்மாய்க்கு அப்பால் இரட்டைப் பாறை என்று அத்தை சொன்ன அடையாளத்தை அவனிடம் மூச்சுவிடவில்லை.

“ஏ பூவிழி! கண்மாய்க்குள்ள இறங்காத!” பின்னாலிருந்து கத்தினான் அவன்.

“நான் முந்திருவேன்னு பயமா?”

மேலே வெடித்த மண், அடியில் சேறு! நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்புவரை இறங்கிவிட்டாள்.

“அண்ணே!”

மணிமுத்து குப்புறப் படுத்து ஊர்ந்து வந்து துண்டை வீசினான். அவள் பிடித்துக்கொண்டாள். இழு, இழு! செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கரையேறினாள்.

“இங்க புதைசேறு, கரையோடதான் போகணும்னு பெரியப்பா சொன்னாரு. முன்னாடியே உங்கிட்ட சொல்லிருக்கணும்.”

“ஏன் சொல்லல?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எங்க வீட்ல எந்நேரமும் உன் பேச்சுதான். பூவிழி கெட்டிக்காரி, பூவிழி கெட்டிக்காரின்னு... நீ முந்திருவேன்னுதான்.”

 பூவிழிக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது! இரட்டைப் பாறையைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டாள்.

கரையைச் சுற்றிப் போய், பாறைக்குப் பின்னால் முட்செடியை வெட்டினார்கள். அப்பாடி, கோயில்! எதிரெதிராக இரண்டு வரிசை மண்குதிரைகள்! ஒவ்வொன்றின் கழுத்திலும் செய்துவைத்தவர் பெயரும் அவர் அப்பா பெயரும் கீறியிருந்தன. இடது வரிசைக் கடைசியில் பூவிழியின் தாத்தா. வலது வரிசைக் கடைசியில் மணிமுத்துவின் தாத்தா.

“இங்க பாருண்ணே! எங்க ஆளு உயரத்துல ஒரு முழம் ஏத்துனா, உங்க ஆளு ஒன்றரை முழம் ஏத்திருக்காரு!”

கடைசிக் குதிரைகள் மரக்கிளையை முட்டின. இரண்டு வரிசைக்கும் முதலில் நின்றது ஒரே ஒரு குதிரை, கன்றுக்குட்டி உயரம். அதன் கழுத்தில் இரண்டு பெயர்கள்: அண்ணன் ஆண்டியப்பன், தம்பி சோலையப்பன். இரண்டு வீடும் பிரிந்த இடம் அதுதான். 

ஊர் திரும்பியதும் ஒரே ஆரவாரம்! “முதல் பொங்கல் யார் கையாலப்பா?” என்றார் பெரியப்பா.

‘என் கையால்’ என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது பூவிழிக்கு. “ஒரே பான. ரெண்டு பேரும் சேந்து அரிசி போடுறோம்” என்றாள்.

சொன்ன பிறகும் கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஓரக்கண்ணால் மணிமுத்துவைப் பார்த்தாள். அவன் முகமும் அப்படித்தான் இருந்தது. ஒரே ரத்தமல்லவா!