பெண்கள் பக்கத்து வீடியோ ரேப்

இப்போது கல்யாண வீட்டுக்குப் போகிறவன் சோற்றுக்குப் போவதில்லை. கெமராவுக்கு மூஞ்சி காட்டப் போகிறான். மாப்பிள்ளையை இடித்துக்கொண்டு நின்று பல்லைக் காட்டுகிறான். துஆக் கேட்டுக் கையேந்துகிற நேரத்திலும் ஒரு கண் லென்சில்தான். நாளைக்கு மையத்துக் கிடக்கிற சாவு வீட்டுக்கும் வீடியோக்காரனைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாமலா விடப்போகிறார்கள்.

அபூசாலி இதைச் சொல்லாத நாளில்லை. சொல்லிச் சொல்லித்தான் அந்த வீடியோக்காரனுக்கே லைற் பிடித்தார். வயலில் இறங்க முழங்கால் விடவில்லை, கை சும்மா இருக்கவும் விடவில்லை.

வீடியோக்காரன் பெயர் அபுல் ஹஸன். சவூதியிலிருந்து ஒரு கெமராவும், வீடியோ ரேப்பை ஓட்டவும் பதியவும் இரண்டு டெக்கும், ஒரு கலர் ரீவியும் கொண்டு வந்திறங்கியவன். எண்பத்து மூன்று, நாலில் கல்முனைக்குடியில் அது பெரிய புதினம். ஆனால் நம்முடைய ஊரில் கல்யாணம் என்றால் இரண்டு பக்கம், நடுவில் திரை. ஆண்கள் பக்கத்தை அவன் எடுத்தான். பெண்கள் பக்கத்துக்குள் கெமராவோடு ஆம்பிளை போக முடியுமா? போனால் கால் திரும்பி வராது. அதனால் பெண்சாதி ஸைனம்புவுக்குக் கெமராவைப் பழக்கினான். அவள் அவனையும் மிஞ்சிக்கொண்டு போனாள் என்றுதான் கதை. பார்த்த பெண்கள் சொன்ன கதை.

அபூசாலி பார்த்ததில்லை. பெண்கள் வந்து உட்காருமுன் லைற்றைப் பூட்டிவிட்டு, திரைக்கு வெளியே வந்து வயரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார். எத்தனையோ மணவாட்டிகளுக்கு வெளிச்சம் கொடுத்த மனிசன், ஒருத்தியின் முகத்தையும் கண்டதில்லை. ஸைனம்புவையும் கண்டதில்லை, அவள் பிற ஆம்பிளைக்கு முகம் காட்டாத கோசாக்காரி. திரைக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வரும், மெல்லமாக, கட்டளை மாதிரி: "கண்ணத் தூக்குங்க மகள்."

இன்னொரு சட்டமும் இருந்தது. பெண்கள் பக்கத்து ரேப்பை, அந்த வீடியோ கசெட்டை, பெண்கள்தான் பார்க்க வேண்டும், பெண்தான் வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டி முடித்த ரேப்பை மணவாட்டியின் உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, கெமரா ரேப்பில் வேறெதையாவது பதிந்து அழித்துவிட வேண்டும். அந்தச் சத்தியத்தில்தான் கெமராவை உள்ளே விட்டார்கள். ஆகவே ஸைனம்பு எடுத்ததெல்லாம் ஊரார் அலுமாரிகளுக்குள் போயிற்று. அவள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அபூசாலியின் மகள் ஜுனைதா அவளிடம் வேலை பழகப் போனாள். முதலில் எல்லாம் நல்லபடிதான். பிறகு ஒரு கல்யாண வீட்டில், "சின்னப்புள்ள எடுத்ததுதான் வடிவா வந்திரிக்கி" என்று ஆரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஸைனம்பு டெக்கைத் தொட விடவில்லை. ஜுனைதா பட்டனில் விரல் வைத்தால் ஒரே சொல்தான்: "கைய எடு."

பிறகு ஸைனம்புவுக்குத் தலையிடி வந்தது. கற்பூரத் தைலத்தைப் பூசிப் பூசிக்கொண்டே ரீவிக்கு முன்னால் இருந்தாள். ஒரு நாள் அந்த அறையிலேயே சாய்ந்து போனாள்.

ஜுனைதா அவளிடத்துக்கு வந்தாள். ஆனால் செத்தவளோடு போட்டி போட்டு வென்றவர் எவர்? ஒரு கல்யாண வீட்டில் சுபைறா உம்மா, பெண்ணைப் பெற்றவள், திரைக்கு வெளியே அபூசாலிக்கும் கேட்கத்தான் சொன்னாள்: "என்னதான் எண்டாலும் புள்ள, ஸைனம்பு எடுத்த மாதிரி வராது."

"ஓம் மாமி," என்றாள் ஜுனைதா. அந்த ஓம் அபூசாலிக்குப் பிடிக்கவில்லை. பல்லுக்குள்ளிருந்து வந்த ஓம்.

அந்த நேரத்தில்தான் கொழும்பு ரெலிவிசனில் பொடியன்களைப் படமெடுக்கப் பழக்க எடுக்கிறார்கள், பெண்களும் வரலாம், பத்து நிமிசப் படம் ஒன்று அனுப்ப வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். கல்யாணப் படத்தை அனுப்ப முடியாது, பார்க்கப்போகிறவன் ஆம்பிளை. ஜுனைதா கெமராவைத் தூக்கிக்கொண்டு மருதமுனைக்குப் போய்க் கைத்தறிகளை எடுத்து வந்தாள். அவளுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. இந்த ஊரில் இருக்குமட்டும் அவள் ஸைனம்புவுக்கு அடுத்தவள்தான்.

அந்தப் படத்தை வெட்டுகிற நாள், காலை வெயில் ஏறிய பிறகு, அபூசாலி அபுல் ஹஸன் வீட்டுக்குப் போனார். அவன் நாவிதன்வெளியில் ஆண்கள் பக்கம் எடுக்கப் போயிருந்தான். கரண்ட் ஏறி இறங்கினால் டெக் கெட்டுவிடும், ஸ்டெபிலைசரின் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். மகள் தனியே இருக்கிறாள் என்பதும் ஒரு காரணம்.

அறை ஜன்னலுக்கெல்லாம் போர்வை அடித்திருந்தது. வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே இருட்டு. ரீவியின் நீலம் மட்டும் சுவரில் அசைந்தது. சூடேறிய டெக்கின் வாடை, பழைய போர்வையின் வாடை. இடது டெக்கில் எடுத்த ரேப், வலது டெக்கில் பதிகிற ரேப். ஜுனைதா ஒன்றை ஓட்டி, ஒன்றை நிறுத்தி, துண்டு துண்டாய்ப் பதிந்தாள். தறியின் சத்தம் டடக், டடக் என்று வந்தது.

ஒரு ஒட்டில் அவள் சொன்னாள், "வாப்பா, அங்கால திரும்பி இரிங்க."

"என்னத்துக்கு?"

"பொம்புளப் பக்கம் எட்டிப் பாக்குது. பழைய ரேப்பில பதிஞ்சா ஒட்டுற இடத்தில அடியில கிடக்கிறது ஒரு மின்னு மின்னும்."

அபூசாலி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ஆர்ர கலியாணம்?"

மகள் பட்டனை அழுத்தினாள்.

"புது ரேப் இல்லியா வீட்டில?"

"இரிக்கி."

"அப்ப?"

அவள் மெல்லமாகச் சொன்னாள். ஸைனம்பு கடைசியாக எடுத்த கல்யாண ரேப்பை அபுல் ஹஸன் அழிக்கவில்லை. அவளுடைய சால்வையில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தான். ஆம்பிளை என்பதால் பார்க்கவும் மாட்டான், அழிக்கவும் மாட்டான். அதை எடுத்துத்தான் வலது டெக்கில் போட்டிருக்கிறாள்.

"அவட ஒண்டும் மிச்சமிரிக்கக் கூடாது வாப்பா. எல்லாரும் அவட பேரத்தான் சொல்றாங்க. இதுக்கு மேல என்டது இரிக்கட்டும்."

"கெட்ட வேல பாத்திருக்காய்," என்றார் அபூசாலி. அதற்கு மேல் சொல்லவில்லை. ரேப்பை அழிக்க வேண்டும் என்பதுதானே சத்தியம்.

அடுத்த ஒட்டு. தறிச் சத்தம் அறுந்து, குரவைச் சத்தம் ஒரு கணம் எழும்பி அமுங்கியது.

அடுத்த ஒட்டில் அது கொஞ்சம் நீளமாக இருந்தது.

அதற்கடுத்ததில் கற்பூரத் தைலத்தின் வாடை வந்தது.

அபூசாலி மூக்கைத் துடைத்தார். ஆரோ வெளியே பூசுகிறார்கள் என்று நினைத்தார். ஜன்னல் அடைத்திருந்தது.

"வாப்பா."

"என்ன?"

"இப்ப வாறது அந்த வீட்டுப் பொம்புளைகள் இல்ல. ராத்தா நிக்கிறா."

"எந்த ராத்தா?"

"ஸைனம்பு ராத்தா. தறிக்குப் பக்கத்தில."

"புத்தியோட கத, புள்ள. கெமராவுக்குப் பின்னால நிண்டவ முன்னால எப்படி வாற? அவள ஆர் படமெடுத்த?"

"அதத்தான் நானும் கேக்கிறன்," என்றாள் ஜுனைதா. குரல் நூலாய்ப் போயிருந்தது. "தறி நெய்யிறவங்களப் பாக்கல்ல. என்னப் பாக்கிறா."

கரண்ட் போனது.

சுவரில் நீலம் அணைந்தது. தலைக்கு மேல் சுழன்ற பேன் நின்றது. டெக்கின் முனகல் இறங்கி இறங்கி ஓய்ந்தது.

தறி நிற்கவில்லை.

டடக், டடக். இருட்டுக்குள், ரீவி இருந்த பக்கமிருந்து. தைல வாடை கண்ணைக் கரித்தது. பிறகு தறியும் நின்றது. திரைக்கு வெளியே குந்தியிருந்து ஆண்டுக்கணக்காய்க் கேட்ட அந்தக் குரல், மெல்லமாக, ஒரு முழம் தூரத்தில்.

"கைய எடு."

ஜுனைதா வீறிடவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. அபூசாலி எழும்பி ஜன்னல் போர்வையைப் பிய்த்தெறிந்தார். வெயில் பாய்ந்தது. அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். மகள் வலது கை விரல்களை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தாள். விரித்துக் காட்டச் சொன்னார். விரல் நுனிகள் ஐஸில் வைத்த மாதிரி வெளிறிக் கிடந்தன.

"ஜின் கின் எண்டு ஊரெல்லாம் கதச்சித் திரியாத," என்றார். "மௌத்தானவ மண்ணுக்குள்ள, கபுறுக்குள்ள. ரேப் தேஞ்சா இப்படித்தான். ஸ்பீக்கருக்குள்ள மிச்சக் கரண்ட் இரிந்திரிக்கும்."

கரண்ட் வந்ததும் ரேப்பைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினார்கள். தறிகள் மட்டும்தான். சுத்தம். ஜுனைதா சொன்னாள், "இப்ப நீங்களும் பாக்கலாம் வாப்பா." அபூசாலி திரும்பிப் பார்த்தார். சிவப்பு நூலும் மஞ்சள் நூலும், தறியில் ஓடுகிற நாடாவும், ஒரு கிழவியின் கையும். அந்தக் கையைப் பிள்ளை வடிவாய் எடுத்திருந்தாள். "குறை சொல்ல இல்ல," என்றார். அவருடைய வாயிலிருந்து அது பெரிய புகழ்ச்சி. மகளின் முகம் மலர்ந்தது. அடுத்த நாளே ரேப் கொழும்புக்குப் போயிற்று.

மழைக்கு முன் ஒரு பகலில் கொழும்பிலிருந்து ஆள் வந்தார். நல்லரெத்தினம் என்று பெயர், தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பானவர், சொந்த ஊர் தம்பிலுவில். ஊருக்குப் போகிற வழியில் அபுல் ஹஸன் வீட்டு வாசலில் வான் வண்டியை நிறுத்தி, ரேப்போடு இறங்கினார். அபுல் ஹஸன் கதிரை போட்டான். ஜுனைதா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கதவடியில் நின்றாள். அபூசாலி முற்றத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தவர், காதை மட்டும் உள்ளே விட்டார்.

"இவ்வளவு நாளில நான் இப்படி ஒரு படம் பாக்கல்ல," என்றார் நல்லரெத்தினம். "அந்த அம்மாவக் கூப்பிடுங்க. ஒரு இடம்தான் இரிக்கி. அது அவவுக்குத்தான்."

"எந்த அம்மா?" என்றான் அபுல் ஹஸன்.

"படத்தில இரிந்து கதைக்கிறவ. முழுக்க அவதானே. கெமராவ நேராப் பாத்து, எந்தக் கலியாணத்தில எத எப்படி எடுத்தன், எத வெட்டினன், எத விட்டனெண்டு சொல்றா. ஒவ்வொரு மணவாட்டிட பேரும் மனப்பாடம்."

"தறி?" என்றாள் ஜுனைதா. "நான் அனுப்பினது தறி, சேர்."

"தறியா? தறி ஒண்டும் இல்லியே தங்கச்சி."

அபுல் ஹஸன் அலுமாரிக்கு மேலே கைவிட்டுத் துழாவினான். சால்வை வெறுமையாக வந்தது. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நல்லரெத்தினத்தின் காலடியில் உட்கார்ந்து கேட்டான்: "எப்படி இரிந்தா, சேர்? மெலிஞ்சிருந்தாவா? அவட ஒரு படமும் எங்கிட்ட இல்ல."

"நெத்தியில தைலம் பூசியிருந்தா. தலையிடி போல. ஏன், ஆளுக்குச் சுகமில்லியா?"

அபுல் ஹஸன் ரேப்பை வாங்கிக்கொண்டு ரீவிப் பக்கம் போனான்.

ஜுனைதா முற்றத்துக்கு ஓடி வந்து வாப்பாவின் கையைப் பிடித்தாள். "நீங்க பாத்தீங்கதானே, வாப்பா? தறியப் பாத்தீங்கதானே? இப்ப போடப் போறாங்க. வந்து பாத்திட்டு அவருக்குச் சொல்லுங்க. நீங்க சொன்னா அவர் நம்புவார். எனக்கு வேற சாட்சி இல்ல."

உள்ளே டெக்கின் வாய் ரேப்பை விழுங்குகிற சத்தம் கேட்டது.

அபூசாலி வாசல்படி வரை போனார். ரீவியின் நீலம் படியில் விழுந்தது. ஒரு காலை உள்ளே வைத்தார். தைல வாடை அடித்தது.

காலை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

"நான் பாத்தது தறி," என்று முற்றத்தைப் பார்த்துச் சொன்னார், உள்ளே இருக்கிறவருக்குக் கேட்கும்படி. "சத்தியமாத் தறிதான். எடுத்தது என்ட மகள்."

"அப்ப வந்து இதப் பாத்திட்டுச் சொல்லுங்க, காக்கா," என்று அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார் நல்லரெத்தினம்.

"உசிரோட இரிக்கக்குள்ளயே நான் அவளப் பாத்ததில்ல. ஊரான் பொண்டாட்டிய ரேப்பில வெச்சும் பாக்க மாட்டன்."

உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அபுல் ஹஸன் தேம்புகிற சத்தத்தில் சொற்கள் பிடிபடவில்லை. ஜுனைதா வாப்பாவின் கையை விட்டுவிட்டு மெல்லமாக உள்ளே போனாள். தன்னிடம் இல்லாதது ஸைனம்புவிடம் என்ன இருக்கிறதென்று பார்க்கப் போகிறவள் மாதிரிப் போனாள்.

"மகள், வா போவம்."

அவள் வரவில்லை.

அபூசாலி வேலிக் கடப்படியைத் தாண்டினார். அப்போது அந்தப் பெண்ணின் பேச்சு நின்றது. ஒரு இடைவெளி. பிறகு, கொழும்புக்குப் போய் வந்த அந்த ரேப்பிலிருந்து, சாவகாசமாக:

"லைற்றுப் பிடிச்சது எனக்குத்தானே, அபூசாலி காக்கா. அவளுக்கில்லியே. ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டுப் போங்க."

பிடரி மயிர் எழும்பி நின்றது. அவர் திரும்பவில்லை.

"ரேப்பில ஆரும் எதையும் பதியலாம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "இதெல்லாம் ஒரு சாட்சியா."

சொல்லிவிட்டு, நடு ரோட்டு வெயிலில் இறங்கி, கடற்கரைப் பக்கமாக நடந்தார்.