வீமன் விளையாட வேண்டும்

ஹஸன் பந்தை எறிந்தான். நாய் வீமன் பந்தையும் பார்க்கவில்லை, எறிந்த கையையும் பார்க்கவில்லை. வாசல் படலைக்குக் கீழே இருந்த ஒரு சாண் இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றது.

சவளக்கடையில் ஹஸனின் வயல்வாடி, காவல் குடிசை அது. பக்கத்து வயல்காரன் சின்னப்போடியும் அவனுடைய ஆறு வயது மகள் மேனுஜாவும் தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் காணாமற்போனார்கள். ஒரு வருடம் கழித்து, வயல் வரம்பில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த அவர்களுடைய நாயை ஹஸன் கூட்டிவந்து சோறு வைத்தான். நல்ல மனிசன் என்றது ஊர். அந்தச் சொல் அவனுக்கு முள்ளாய்க் குத்தியது. கலவரத்தன்று பின்னேரம், "ஹஸன் காக்கா, புள்ளைய மட்டுமாவது உள்ள எடுங்க" என்று சின்னப்போடி இதே படலையைத் தட்டிக் கெஞ்சியபோது, ஹஸன் உள்ளே நெல்மூட்டைகளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். அன்று வாடிக்கே போகவில்லை என்று மனைவியிடமும் பொய் சொன்னான்.

மேனுஜாவோடு துள்ளித் திரிந்த நாய் இப்போது வாலைக்கூட ஆட்டுவதில்லை. ஒரே ஒருநாள் அது விளையாடிவிட்டால் தன் நெஞ்சு ஆறும் என்று நம்பினான். ரப்பர் பந்து வாங்கிவந்தான், உடுத்துக் கழித்த பழைய சாரனைக் கிழித்து முடிச்சுப் போட்டான், தேங்காய்ப் பொச்சுமட்டையை உருட்டிக் காட்டினான்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஸகியாவுக்குப் பொறுக்கவில்லை. "இஞ்ச பாருங்க, காவலுக்கு வெச்ச நாயோட என்ன செல்லம்? எச்சில் பட்டா ஏழுதரம் கழுவணும், அதுல ஒருதரம் மண் போட்டு. கை தேஞ்சி போகும்."

"அது விளையாட மறந்துட்டு, ஸகியா."

"நாய் மறந்தா உங்களுக்கென்ன?"

அவன் சோற்றைப் பிசைந்தான். அவள் முணுமுணுத்தபடி போய்விட்டாள்.

பின்னேர அசர் தொழுது முடித்து, ஈர வைக்கோல் மணத்தில், வாய்க்கால் சலசலப்பைக் கேட்டுக்கொண்டு இருந்தபோதுதான் அவனுக்கு அந்தப் பிள்ளையின் விளையாட்டு ஞாபகம் வந்தது. எங்காவது ஒளிந்துகொண்டு கூப்பிடுவாள். நாய் தேடி ஓடும். ஹஸன் மூட்டைகளுக்குப் பின்னால் குந்தி, கையைக் குவித்துக் குரல் கொடுத்தான்.

"கூ…!"

வீமனின் காது நிமிர்ந்தது. வால் ஆடியது. ஹஸனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாய் ஓடியது. அவனிடம் அல்ல. படலைக்கு.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒளிச்சுப்பிடிச்சில் ஒளிந்தவர்தான் கூவுவார். நான் இங்கே இருக்கிறேன், வந்து பிடி என்று அர்த்தம். இன்று கூவியது அவன்.

வாய்க்கால் சத்தம் நின்றிருந்தது.

வீமன் குதித்தது. மல்லாந்து புரண்டது. செல்லமாய் முனகியது. யாருமில்லை. வெயில் மட்டும்.

பிறகு எழுந்து அவனை நோக்கி வந்தது. மெதுவாக. ஒரு சிறு பிள்ளையின் நடைக்கு ஏற்றபடி. அதன் பிடரி மயிர் ஐந்து இடத்தில் அமுங்கியிருந்தது. சின்னச் சின்ன அமுக்கம்.

"புள்ள…" என்றான்.

மூட்டை ஓரத்தில் வீமன் நின்றது. அமுங்கிய மயிர் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தது.

ஹஸனின் சட்டைக் கை, ஐந்து இடத்தில், மெல்ல அமுங்கியது.